உறைக்கு வைத்த மோர்

குத்தாலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய குருவுக்கு நாற்பதுதான் இருக்கும். "அண்ணாச்சி மக வயசுல ஒரு குருவைப் பிடிச்சிருக்காரு" என்று ஊரில் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும். நரைத்தவர்களுக்கெல்லாம் ஞானம் வரும் என்றால் ஊரில் இத்தனை வழக்கு ஏன் நடக்கிறது?

குருவின் பெயர் உலகம்மை. நாவலடி அணைக்குச் சற்றுக் கீழே, ஆற்றங்கரை மருதமர நிழலில் ஓர் ஓட்டு மடம். அதில் தனியாக இருந்தார். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு நடந்து போகிற சனங்களுக்கு மோர் ஊற்றுவார். போகிற அன்றைக்கும் ஊற்றுவார், மறுநாள் திரும்பி வருகிறபோதும் ஊற்றுவார். மற்றபடி அதிகம் பேச மாட்டார்.

உத்திரத்தன்று காலையில் குத்தாலிங்கம் மடத்துக்கு வந்தார். நாலு நாள் தூங்காத முகம். இடுப்பிலிருந்து ஓர் இரும்புச் சாவியை உருவி, குருவின் காலடியில் வைத்தார். அணையிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் விடுகிற ஷட்டரின் சாவி அது.

"இதை நீங்களே வச்சுக்கிடுங்க தாயி. என்னால ஆகாது."

"யாரு வையிதாங்க?"

"யாரு வையலை?"

பாசன சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அணையிலிருந்து நாலு கால்வாய் பிரிகிறது. மழை ஏமாற்றிய வருசம். பிசானப் பருவத்து நெல் பால் பிடித்து நிற்கிறது, இன்னும் ரெண்டு தண்ணீர் பாய்ந்தால் போதும். ஆற்று ஷட்டரைப் போன மாசமே பாதிக்கு மேல் இறக்கியாகிவிட்டது. இப்போது கீழே போவது நூல் மாதிரி ஒரு ஒழுக்கு. அதையும் அடைத்துவிடு என்கிறார்கள் நாலு கால்வாய்க்காரர்களும். கடலுக்குள்ளேயா நெல் விளையப் போகிறது என்று கேட்கிறார்கள். ஆறு செத்துப் போகும், ஷட்டரைத் தூக்கு என்கிறார்கள் ஆற்றை நம்பியிருக்கிற கீழூர்க்காரர்கள். நாளைக் காலையில் கூட்டம். அடைக்கவா, திறக்கவா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

அவருக்கும் வயல் இருந்தது. முதல் கால்வாயில் முதல் மடை அவருடையதுதான். தண்ணீர்க் கஷ்டம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அவர் வயலுக்குத் தெரியாது.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க. நான் அளந்துதான் தாயி கொடுத்தேன். இந்தக் கால்வாய்க்குக் கூட, அந்தக் கால்வாய்க்குக் குறைவுன்னு எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்திருதேன். நாலு பேருக்கும் பாத்தியதை இருக்கு. ஆத்துக்கு விடணும்னா யாராவது ஒருத்தன் பங்குல கை வைக்கணும். யாரு பங்குல கை வைக்க? அதை மட்டும் சொல்லுங்க."

உலகம்மை சாவியைத் தொடவில்லை. பாதையைப் பார்த்தார். சனம் வரத் தொடங்கியிருந்தது.

"எனக்குத் தோள்பட்டை விட்டுப் போச்சு அண்ணாச்சி. கையைக் கழுவிட்டு நீங்க மோரு ஊத்துங்க."

"நான் கேட்டதுக்கு..."

"வெயில் ஏறுது."

வேறு வழி? குத்தாலிங்கம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பானைக்குப் பக்கத்தில் நின்றார்.

ஊற்ற ஆரம்பித்த பிறகு அவருக்கே அது பிடித்துப் போயிற்று. ஆளுக்கு ஒரு டம்ளர். பண்ணையார் வந்தாலும் ஒரு டம்ளர், பண்டாரம் வந்தாலும் ஒரு டம்ளர். தொப்பையும் வியர்வையுமாக ஒருவர் இரண்டாம் தடவை டம்ளரை நீட்டினார். "பின்னால பாரும்வே, எத்தனை பேரு நிக்காங்க" என்று விரட்டிவிட்டார். உச்சிப்பொழுதில் தனக்கு ஒரு டம்ளர் ஊற்றி ஒரே மடக்கில் குடித்தார். அதே அளவு இன்னொன்று ஊற்றிக் குருவிடம் நீட்டினார்.

"இது உங்க பங்கு தாயி."

"குடிக்கேன்" என்று வாங்கி, ஒரு தட்டால் மூடி, சுவரோரம் வைத்தார் உலகம்மை.

கடைசியாக ஒரு பலூன்காரர் வந்தார். ஊதி ஊதித் தொண்டை கட்டியிருந்தது. பானையைச் சாய்த்தால் அரை டம்ளர்தான் தேறியது. குத்தாலிங்கம் விடுவாரா? பானைக்குள் அரை டம்ளர் தண்ணீர் விட்டு அலசி, அந்த அலசலையும் சேர்த்து டம்ளர் நிறையக் கொடுத்தார். பிறகு பானையை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தார்.

"ஒரு சொட்டு வீணாக்கலை தாயி" என்றார். இப்படிச் சந்தோசமாக ஒரு வாக்கியம் பேசி அவருக்கு எத்தனையோ நாளாகியிருந்தது.

உலகம்மை கவிழ்ந்த பானையைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

சாயங்காலம் பால் வந்தது. காய்ச்சி, ஆறவைத்து, விரல் பொறுக்கிற சூட்டில் பானைகளில் ஊற்றினார்கள்.

"உறைமோரை எடுங்க அண்ணாச்சி."

குத்தாலிங்கம் எழுந்து இரண்டு எட்டு வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். கவிழ்த்த பானையின் அடியில் தண்ணீர்கூடக் காய்ந்துவிட்டிருந்தது.

"அடப்பாவி!" என்று தன்னையே வைதுகொண்டார். "உறைக்கு வைக்காம மொத்தத்தையும் ஊத்திட்டேனே. போன சனம் பூராவும் நாளைக்குத் திரும்பி வருமே தாயி!"

உலகம்மை அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்தார்.

"இருங்க, வாறேன்" என்று ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு குத்தாலிங்கம் கீழூருக்கு நடந்தார். ஆற்றைக் குறுக்கே கடந்தால் கிட்டத்தில்தான். கடக்க வேட்டியை மடித்துக் கட்ட வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. மணலில் பகல் சூடு இன்னும் அடங்கவில்லை. யானை முங்கும் ஆழம் என்பார்களே, அந்தக் கசத்தில் சேறு மட்டும் கிடந்தது. சேற்றில் கொக்குகள் சாவகாசமாக நின்று மீன் பொறுக்கின. ஓடித் தப்பிக்க மீன்களுக்கு இடமில்லை. மேலிருந்து வந்த ஒழுக்கு கசத்துக்கு வருமுன்னே மணலுக்குள் போய்விட்டிருந்தது. அணையும் கால்வாயுமாகக் கிடந்து பழகிய மனுசன், மடத்தைத் தாண்டி ஆற்றுக்குள் இறங்கி வருசக்கணக்காயிற்று.

நடு ஆற்றில் ஊற்றுத் தோண்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கீழூர் சொர்ணத்தாய். சிரட்டையால் தண்ணீர் கோரிக் குடத்தில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏளா, கொஞ்சம் உறைமோரு இருக்குமா? மடத்துக்கு."

அவள் சிரித்தாள். "மோரா? மாட்டை மாசியிலேயே சந்தைக்கு ஓட்டியாச்சு அண்ணாச்சி. மனுசன் குடிக்கவே ஊத்து ஊற மாட்டேங்கு. மாட்டுக்கு எங்க போக?"

குத்தாலிங்கம் செம்பைக் கைமாற்றிப் பிடித்தார்.

"களைச்சுப் போயிருக்கீங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க. கொஞ்சம் உக்காருங்க, ஊறட்டும்" என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். வைதிருந்தால் வைதிருக்கலாம். தண்ணீர் தருகிறேன் என்கிறவளிடம் என்ன பேசுவது? "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கரையேறி மாடு நிற்கிற வீடாகப் பார்த்து வாசலில் நின்றார். உள்ளே அப்போதுதான் விளக்கேற்றியிருந்தார்கள்.

"விளக்கு வச்சாச்சே அண்ணாச்சி" என்றாள் அந்த வீட்டுக்காரி. "விளக்கு வச்ச பொறவு மோரு வெளியே கொடுத்துப் பழக்கமில்லையே. கோவிச்சுக்கிடாதீங்க."

கோபிக்க என்ன இருக்கிறது? அவர் வீட்டிலும் கொடுக்க மாட்டார்கள்.

மடத்துக்கு வந்து செம்பை வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்தார். கால் இரண்டும் விண்விண் என்று தெறித்தன.

"கிடைக்கலை தாயி."

"ம்."

"எல்லாருக்கும் சரியாத்தான் கொடுத்தேன்."

"சரியாத்தான் கொடுத்தீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

உலகம்மை முழங்காலில் கையூன்றி எழுந்தார். சுவரோரம் இருந்த டம்ளரை எடுத்தார். தட்டை நீக்கினார். மோர் அப்படியே இருந்தது. அகப்பையால் அளந்து ஒவ்வொரு பானையிலும் விட்டுக் கலக்கினார்.

குத்தாலிங்கம் பதறிப்போனார். "அது உங்க பங்குல்லா! காலையிலேருந்து நீங்க ஒண்ணுமே குடிக்கலையே!"

"நாக்கு வறண்டுதான் போச்சு. எத்தனையோ தடவை தட்டைத் தொறந்து பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருந்தா நான் இந்த மணல்ல அலைஞ்சிருக்க மாட்டேனே."

"யாராவது தருவாங்கன்னு நானும்தான் நெனச்சேன் அண்ணாச்சி. தந்திருந்தா இதைக் குடிச்சிருப்பேன்."

பானைகளைத் துணியால் மூடிக் கட்டிவிட்டு, உலகம்மை அலுப்போடு உட்கார்ந்தார். சாவி காலையில் வைத்த இடத்திலேயே கிடந்தது.

"காலையில ஒண்ணு கேட்டேன்" என்றார் குத்தாலிங்கம். "யாரு பங்குல கை வைக்கன்னு."

உலகம்மை காலி டம்ளரை அலசி, அவருக்கு முன்னால் கவிழ்த்து வைத்தார்.

"முதல் மடை யாரு வயலுக்கு அண்ணாச்சி?"

"இன்னும் ரெண்டே ரெண்டு தண்ணிதான் தாயி..." என்று தொடங்கினார் குத்தாலிங்கம். கவிழ்ந்து கிடந்த டம்ளரில் கண் போய் நின்றது. பிறகு குனிந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.