நீலமாத் தேய்க்கணும்

சொன்ன சொல்லை மீறாதவர்கள் என்று கூத்தனேரிக்காரர்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. அதனாலேயே விவரம் தெரிந்தவர்கள் யாரும் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை. பிரமநாயகம் சொன்னார். அவரும் அந்த ஊர்க்காரர்தான்.

அவர் காசிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். மற்றவர்கள் கொய்யாப்பழம், பாகற்காய் என்று பார்த்து விடுவார்கள். பிரமநாயகம் தன் மோட்டார் சைக்கிளை விடுவதாகத் தீர்மானித்திருந்தார். முப்பது வருஷத்து வண்டி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். அவற்றில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம், செய்துமிருக்கிறார்.

"நான் வந்ததும் வண்டி உங்களுக்குத்தான் மாப்ளே," என்றார் மருமகன் தளவாயிடம். "ஆனா இப்ப இருக்கிற மேனிக்கு இருக்கணும். கெட்டுப்போன பொருளை விட்டா புண்ணியம் கெடையாது. அப்படி ஏதாவது ஆச்சுன்னா, நான் கொய்யாப்பழத்தை விட்டுட்டேன்னு வச்சுக்கிடுங்க."

தளவாய்க்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். இந்த நான்கு வருஷமும் அவனும் மனைவி வடிவும் எங்கே போனாலும் பஸ்தான். அவள் முன்வாசலில் ஏறுவாள், அவன் பின்வாசலில் ஏறுவான். ஒரே ஒரு தடவை அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கோயில்வரை ஓட்டிப் போய்விட்டால் போதும், அதற்குப் பிறகு பஸ்ஸே போதும் என்று இருந்தான்.

"நான் என்ன செய்யணும் மாமா?"

"தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணி விடுங்க. எடத்தை விட்டு நகத்தாதீங்க. அவ்வளவுதான்."

தளவாய் தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணி விட்டான். இடத்தை விட்டு நகர்த்தவில்லை. அணைக்கவும் இல்லை, அதை யாரும் சொல்லவில்லை. மத்தியானம் ஒரு மணிவாக்கில் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் ஏறிக் குதித்து வண்டியை அணைத்துவிட்டுப் போய்ப் படுப்பார். சிலருக்கு மற்றவர் வீட்டில் வண்டி ஓடினால் பொறுக்காது என்று தளவாய் நினைத்துக்கொண்டான்.

பத்தாம் நாள் கொல்லைக்குப் போன வடிவு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க."

சைலன்சர் குழாய்கள் இரண்டும் இன்ஜினை ஒட்டிய வளைவில் மஞ்சளாகி, ஊதாவாகி, மயில்கழுத்து நிறத்துக்கு வந்திருந்தன. அதே நிறத்தில் அவளிடம் ஒரு பட்டுப்புடவை உண்டு. புடவைக்கு அது நன்றாக இருந்தது. பிரமநாயகம் நாளை மறுநாள் காலை ரயிலில் வருகிறார்.

தளவாய் தன் நண்பர்கள் இருவரையும் வரவழைத்தான். கொம்பையா காற்றாலைக்கு வாட்ச்மேன். இதுவரை ஒரு காற்றாலைகூடத் திருட்டுப் போனதில்லை என்பதால் ஊரில் அவனுக்கு மரியாதை இருந்தது. ஆவுடையப்பன் தேய்ப்புக்கடை வைத்திருந்தான். சுருக்கம் எதுவாக இருந்தாலும் அவனால் எடுத்துவிட முடியும், யோசனையில் விழுந்ததைத் தவிர.

கொம்பையா குனிந்து குழாயை முகர்ந்தான். "நீலம் பாரிச்சிருக்கு. நல்லது கடிச்சிருக்குல."

"கடிச்சதுல என்னல நல்லது?" என்றான் ஆவுடை.

"நல்ல பாம்பைச் சொல்லுதேன்."

"அப்ப கடிவாய் எங்க?"

மூவரும் தேடிக்கொண்டே வண்டியின் பின்பக்கம் போனார்கள். கொம்பையா தலையில் கட்டியிருந்த துண்டை மரியாதையாக அவிழ்த்தான். ஒவ்வொரு சைலன்சரின் முனையிலும் ஒரு ஓட்டை இருந்தது.

"ரெண்டு பல்லு."

"ரெண்டுக்கும் நடுவுல ரெண்டடி இருக்கே," என்றான் தளவாய்.

"அப்ப அது வாயி எவ்வளவு பெருசுன்னு நீயே பாத்துக்கோ."

விஷம் டேங்குக்கு ஏறுவதற்குள் கட்டுப்போட வேண்டும் என்று முடிவாயிற்று. கயிறு கொண்டுவந்து குழாயை இறுக்கிக் கட்டினார்கள். வண்டி காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்ததால் கயிறு கருகிப் புகைந்து அறுந்து விழுந்தது.

"என்ன வீரியம் பாத்தியால," என்றான் கொம்பையா.

வடிவு வந்து வண்டியை அணைத்தாள். "மெக்கானிக்குக்குப் போன் போடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டவுனில் மெக்கானிக் சேவியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "வெசமும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அது சூட்டுல வார நெறம். நல்லா ஆறட்டும். பெறவு துணியில பாலிஷைத் தொட்டுத் தேயுங்க, போயிரும். இரும்பு நாரைப் போட்டுராதீங்க, கீறல் விழும். வட்டமாத் தேய்க்காதீங்க. நீலமாத் தேயுங்க."

சேவியர் சொன்னது நீளமாத் தேய்க்கச் சொல்லித்தான். ஆனால் அவர் வாயில் காலை எட்டு மணிக்கே வெற்றிலை ஏறிவிடும். அதற்குப் பிறகு ளகரமும் லகரமும் ஒன்றாகிவிடும்.

"தேய்க்கணும்னு சொல்லுதான்," என்றான் தளவாய்.

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" ஆவுடையின் முகம் மலர்ந்தது. "பதினெட்டு வருசமா வேற என்னல செய்யுதேன்?" கடைக்கு ஓடிப்போய்த் தேய்ப்புப் பெட்டியையும் ஒரு பை நிறையக் கரியையும் கொண்டுவந்தான்.

"துணியில தேய்க்கணுமாம்."

"துணியை மேல விரிச்சித் தேய்க்கணும். பட்டுக்கு அப்படித்தான்."

"வட்டமாத் தேய்க்கக் கூடாதாம்."

ஆவுடை பெட்டியைத் தூக்கிக் காட்டினான். "இது வட்டமாவா இருக்கு?"

"நீலமாத் தேய்க்கணுமாம்," என்றான் தளவாய்.

இதில்தான் சிக்கல் வந்தது. மூவரும் சுவரோரம் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஏற்கெனவே நீலமாத்தானல இருக்கு? அதை மறுபடியும் எதுக்கு நீலமாக்கணும்?" என்றான் தளவாய்.

கொம்பையா கண்ணை மூடித் திறந்தான். "உன் வெள்ளை வேட்டிக்கு எதைப் போட்டு அலசுதாங்க?"

"சொட்டு நீலம்."

"வேட்டி நீலமா ஆகுதா, வெள்ளையாகுதா?"

தளவாய்க்கு உடம்பு சிலிர்த்தது. எப்பேர்ப்பட்ட மெக்கானிக்! இத்தனை விஷயத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டானே!

இரண்டு பாட்டில் சொட்டு நீலத்தைக் குழாய்களின் மேல் ஊற்றினார்கள். தளவாயின் பாலியஸ்டர் துண்டை விரித்தார்கள். ஆவுடை கரியை ஊதிச் சிவக்கவைத்து, பெட்டியை வளைவின் மேல் வைத்து அழுத்தினான். உஸ்ஸென்று நீல ஆவி எழும்பியது.

"படிய மாட்டேங்குதே," என்றான் சிறிது நேரம் கழித்து. "உள்ள ஏதோ மடிப்பு இருக்கு."

"அழுத்தித் தேயி."

"மடிப்பு வேணுமா, வேண்டாமா? இப்பவே சொல்லிரு. பெறவு மாமா கேப்பாரு."

தளவாய் மாமனாரின் வேட்டிகளை நினைத்துப் பார்த்தான். "ஒத்தை மடிப்பு போதும்," என்றான்.

மடிப்பு விழவில்லை. துண்டு உருகிக் குழாயோடு ஒட்டிக்கொண்டது. முன்பு சாண் நீளத்துக்கு இருந்த நீலம் இப்போது இரண்டு முழத்துக்கு இருந்தது. "இன்னும் வெளுக்கலையே," என்றான் தளவாய். "காயட்டும்ல. ஈரத்துல எந்த வேட்டி வெளுப்பாத் தெரியும்?" என்று கொம்பையா அதட்டினான். மூவரும் விடிய விடியக் காயவைத்தார்கள். குழாய் காய்ந்தது. நீலமாகக் காய்ந்தது.

மறுநாள் வடிவு தானே போன் செய்து சேவியரை நேரில் வரவழைத்தாள். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"பாம்பே கடிச்சிருக்கலாம்," என்றார்.

துண்டைச் சுரண்டி எடுத்து, நீலத்தைக் கழுவி, பாலிஷைத் தொட்டு நீளவாக்கில் மூன்று மணி நேரம் தேய்த்தார். ஆச்சரியம், குரோமுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. நீலம் போய், ஊதா போய், மஞ்சள் போய், கடைசியில் தளவாயின் முகம் அதில் தெரிந்தது. அந்த முகத்தில் அழுகை இருந்தது.

புறப்படும்போது சேவியர் வாயில் வெற்றிலை இல்லாமல், எழுத்தெழுத்தாகச் சொன்னார்: "நல்லாக் கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி. வண்டி நின்னுக்கிட்டே ஓடினா குழாய்க்குக் காத்துக் கெடைக்காது. அதான் நீலமாகுது. இனிமே இன்ஜின் ஓடுதுன்னா வண்டி நிக்கவே கூடாது. போய்க்கிட்டே இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றான் தளவாய். இந்த முறை அவனுக்கு உண்மையாகவே புரிந்திருந்தது.

பிரமநாயகம் ரயிலிறங்கி வந்து, கால்கூடக் கழுவாமல் வண்டியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். வலது சைலன்சரில் மீசையைப் பார்த்தார். இடது சைலன்சரில் பல்லைப் பார்த்தார். எழுந்து சாவியை மருமகனிடம் நீட்டினார். "விட்டாச்சு மாப்ளே. வடிவைக் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வாங்க."

வடிவு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு வந்தாள். தளவாய் நான்கு வருஷம் காத்திருந்த நேரம். உதைத்தான். இன்ஜின் ஓடத் தொடங்கியது. வடிவு கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து, அவன் தோளில் ஒரு கையை வைத்தாள்.

இன்ஜின் ஓடுகிறது, வண்டி நிற்கிறது. தளவாய் அவசரமாகக் கிளச்சை விட்டான். வடிவின் கை அந்தரத்தில் நின்றது.

தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தான். "ஏறு வடிவு!"

"நிறுத்துங்க, ஏறுதேன்!"

"நிறுத்தக் கூடாது!" என்றபடி போய்விட்டான்.

அடுத்த சுற்றில் மாமனார் நடுத்தெருவில் நின்றார். "நிறுத்துங்க மாப்ளே!"

"நிறுத்தினா நீலமாயிரும் மாமா!"

அதற்கடுத்த சுற்றில் மாமனார் ஓரமாக ஒதுங்கியிருந்தார். முகம் வெளிறியிருந்தது. "நிறுத்தாதீங்க மாப்ளே!" என்று கத்தினார்.

நான்காவது சுற்றில் கொம்பையாவின் குரல் கேட்டது: "வண்டி ஓடுது, தங்கச்சி நிக்குது. அதான் கோளாறு. தங்கச்சியும் ஓடினாச் சரியாப்போகும்." ஐந்தாவது சுற்றில் கொம்பையா விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றான். வடிவு செருப்பைத் திரும்பக் காலில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறாவது சுற்றில் அவள் பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்து அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது தளவாயின் காதில் விழுந்தது. "விடுங்கப்பா. பெட்ரோல் தீர்ந்தா தன்னால நிக்கும். அப்ப ஏறிக்கிடுதேன்."

"ஐயையோ, தீர்ந்துருமா?" என்றார் பிரமநாயகம்.

ஏழாவது சுற்றில் திருப்பத்தில் மூன்று பேர் தயாராக நின்றார்கள். கொம்பையாவின் கையில் பெட்ரோல் கேன். ஆவுடையின் கையில் புனல். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியோடு வண்டியாக ஓடிவந்து டேங்க் மூடியைத் திருகத் தொடங்கினார்.

"மெதுவா வாங்க மாப்ளே, மெதுவா! ஆனா நின்னுராதீங்க!"

தளவாயின் கண் கலங்கியது. தன் மேல் மாமாவுக்கு இத்தனை பிரியம் இருக்கும் என்று அவன் நினைக்கவே இல்லை.