வடிவு வாசிச்ச மூணாவது புஸ்தகம்

ஒரு ஊர்ல ஒரு மாமியாரு, ஒரு மருமக. வீட்ல ரெண்டே பேரு. மாமியாரு பேச்சியம்மா, மருமக சண்முகவடிவு. ம் கொட்டு, கொட்டலன்னா நிறுத்திருவேன். ஆங், அப்படி.

பேச்சியம்மா மகன் கோமதிநாயகம், அதான் வடிவு புருஷன், தண்ணி லாரி ஓட்டுனவரு. காய்ச்சல்னு படுத்தாரு, நாலாம் நாள் செத்துப்போயிட்டாரு. அப்புறம் வீட்ல பேச்சே இல்ல. வடிவு பீடி சுத்துவா, கத்திரி நறுக் நறுக்னு இலைய வெட்டும். பேச்சியம்மா செவத்தப் பாத்து உக்காந்திருப்பா. நாம அழுதா மாமியாரு ஒடஞ்சிருவான்னு இவ நெனச்சா. அவளும் அப்படியேதான் நெனச்சா. அவரு பேர ரெண்டு பேருமே சொல்லல. ஆறு மாசம்!

ஒருநாள் பேச்சியம்மா சொன்னா, "வெள்ளிக்கெழம நான் தென்காசிக்கு மக வீட்டோட போயிருதேன்."

"சரி அத்தே."

சரின்னுட்டா, ஆனா இனி வீட்ல தனியா இருக்கணுமேன்னு வடிவுக்கு இருந்துச்சு. அப்போ என்ன செஞ்சா? பீடிக் கட்டக் குடுத்துட்டு வர்ற வழியில லைப்ரரிக்குள்ள போனா. அங்க செல்லையான்னு ஒருத்தரு.

"அண்ணாச்சி, புருஷனப் பறிகுடுத்த கதை இருக்கா?"

அவரு தேடி எடுத்துக் குடுத்தாரு. அதுல ஒரு ராஜா, ராணி செத்த துக்கத்துல ஊருக்கே கொளம் வெட்டுறாரு. மறுநாளே திருப்பிக் குடுத்துட்டா. "எனக்கு உக்காந்து அழவே எடமில்ல, கொளம் எங்க வெட்ட?"

அப்புறம் ரெண்டாவது. எல்லாம் மாயை, அழாதேன்னு போட்டிருந்துச்சு. "அழாதேன்னு சொல்ல எங்க தெருவே இருக்கு அண்ணாச்சி."

மூணாவது, அட்டை கிழிஞ்ச புஸ்தகம். அதுல ஒருத்தி செத்த புருஷனத் திட்டிக்கிட்டே இருக்கா. சோறு வடிக்கையில திட்டுறா, கோலம் போடையில திட்டுறா. 'குடைய எங்க வச்சேன்னு சொல்லாமப் போயிட்டியே'ங்கிறா. வீட்ல உக்காந்து வாசிக்கையில வடிவுக்குப் பொலபொலன்னு கண்ணீரு. ஓ...ன்னு சத்தமும் வந்துருச்சு.

தூங்கிட்டியா? ம்... சரி.

"ஏளா, என்ன புஸ்தகம் அது?" பேச்சியம்மாவுக்கு எழுத்து தெரியாது.

"ஒருத்தி செத்த புருஷன ஏசுதா அத்தே."

"சத்தமா வாசி."

வாசிச்சா. நாலு பக்கம் ஆச்சு. பேச்சியம்மா பட்டுன்னு தொடையில அடிச்சா. "இதெல்லாம் ஒரு ஏச்சா? ஆஸ்பத்திரிக்கு வாலேன்னு கூப்புட்டா, லாரில ரெண்டு நடை அடிச்சிட்டு வாரேன்னானே, படுபாவி கோமதி!"

"நான் வச்சுக் குடுத்த கஷாயத்த வாழைக்கு ஊத்திட்டு, குடிச்சிட்டேன்னு பொய் சொன்னாவ அத்தே!"

"வாழைக்கா ஊத்துனான்?"

பேச்சியம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா, அப்புறம் அழுதா. வடிவு மடியில சாஞ்சு, 'கோமதி, ஏலே கோமதி'ன்னு அழுதா. அழுது முடிச்சதும் ரெண்டு பேருக்கும் நல்ல பசி. சோறு வடிச்சுத் தின்னாங்க.

வெள்ளிக்கெழம தென்காசி பஸ் பாம் பாம்னு வந்துச்சு. பேச்சியம்மா எந்திரிக்கவே இல்ல.

"போகலையா அத்தே?"

"அந்தப் பொம்பளைக்கு இன்னும் குடை கெடைக்கலையேளா. மேல வாசி."

வடிவும் வாசிச்சா, பஸ்ஸும் போச்சு, கதையும் ஆச்சு. கண்ண மூடு, என் தங்கம்.