உமிமேட்டுக் காய்ச்சலும் பட்டினி கிடந்த ராஜாவும்

ஒரு காலத்தில் மருதவளநாட்டைக் கோதண்டவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் எது தோன்றுகிறதோ அதை உத்தரவாகப் போட்டுவிடுவார். பொழுது சாய்வதற்குள் அதைச் சரிக்கட்டுவது மந்திரி நயினப்பரின் தலையெழுத்து.

அரண்மனைக்கு நெல் குத்தும் பெண்கள் குடியிருந்த இடத்துக்கு உமிமேடு என்று பெயர். மழை பிடித்தால் போதும், அங்கே வீட்டுக்கு வீடு காய்ச்சல். அரண்மனை வைத்தியர் பூரணலிங்கப் பண்டிதர் வருஷாவருஷம் அண்டா அண்டாவாகக் கஷாயம் காய்ச்சி அனுப்புவார். காய்ச்சலும் வருஷாவருஷம் தவறாமல் வரும். "அந்தப் பெண்களுக்கு முதலில் ஒழுங்காகக் கூலி கொடுங்கள்" என்று சொல்லிச் சொல்லி நயினப்பருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். மந்திரிக்கு வைத்தியம் என்ன தெரியும் என்று பண்டிதர் சிரிப்பார். கூடவே ராஜாவும் சிரிப்பார்.

அந்த வருஷம் பண்டிதர் கொதித்துப்போய் சபைக்கு வந்தார்.

"மன்னா, உமிமேட்டில் என் கஷாயம் கலயத்தோடு அப்படியே இருக்கிறது. ஒருத்தியும் வாயில் வைக்கவில்லை. என்னை அவமதித்தது உங்களை அவமதித்த மாதிரி. இந்தத் திமிர் பிடித்தவர்களால் காய்ச்சல் அரண்மனைக்கே வரப்போகிறது!"

ராஜாவுக்கு அன்று ஜலதோஷம். மூக்கைச் சிந்திக்கொண்டே உத்தரவு போட்டார். "இன்று பொழுது சாய்வதற்குள் உமிமேட்டைக் காலி செய்யுங்கள். ஒரு குடிசை நிற்கக் கூடாது."

கொட்டுகிற மழையில், காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எங்கே போவார்கள்? நயினப்பர் தலையில் அடித்துக்கொண்டு உமிமேட்டுக்கு ஓடினார். முதல் குடிசையில் சடைச்சி என்ற பெண், அனலாய்க் கொதிக்கும் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, அந்த மருந்தைக் குடித்துத் தொலைத்தால் என்ன?" என்று எரிந்து விழுந்தார் மந்திரி.

"சாப்பிட்ட பெறகு குடிக்கணும்னு வைத்தியரு தெருமுனையில மூக்கப் பொத்திக்கிட்டு நின்னு சொன்னாரு சாமி. சாப்பிட்டாத்தானே? நேத்தும் ஒல வைக்கல, இன்னிக்கும் வைக்கல. நாள் பூரா உங்க நெல்லத்தான் குத்துறோம். இந்த வேலையக் குத்தகைக்கு எடுத்தவரு எங்களுக்குத் தவிட்ட அள்ளிப் போட்டுட்டு, கூலிய எங்க வீட்டு ஆம்பளைங்க கையில குடுக்குறாரு. அது நேரா கள்ளுக்கடைக்குப் போகுது. வைத்தியரு தண்ணியக் காய்ச்சிக் குடிங்கன்னு வேற சொன்னாரு. வெறகு யாரு குடுப்பா? அதையும் கேட்டுட்டு வாங்க சாமி!"

நயினப்பர் நேராக அரண்மனைச் சமையல்கட்டுக்குப் போனார். "அடுப்பை அணை. நான் சொல்லும்வரை பற்றவைக்காதே. ராஜா கோபித்தால் என் தலை உருளட்டும்" என்றார் சமையல்காரரிடம்.

உச்சிப்பொழுது போனது. இலையும் வரவில்லை, சோறும் வரவில்லை. ராஜாவுக்குக் கண் இருட்டியது. சபையில் வந்து உட்கார்ந்தவர் முன்னால் பண்டிதர் ஜலதோஷத்துக்குக் கொடுத்திருந்த லேகியம் மூடி திறக்காமல் இருந்தது.

"மன்னா, லேகியம் ஏன் அப்படியே இருக்கிறது?" என்று கேட்டார் நயினப்பர்.

"யோவ், சாப்பிட்ட பிறகு தின்னச் சொன்ன மருந்தய்யா அது! காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட எவனும் கொடுக்கவில்லை. வெறும் வயிற்றில் எப்படித் தின்பது?"

"அப்படியானால் வைத்தியர் பேச்சை நீங்களும் மீறிவிட்டீர்கள். உமிமேட்டுக்காரிகளும் இதே காரணத்தைத்தான் சொன்னார்கள். அவர்களை வெளியேற்றக் கட்டும் வண்டியோடு உங்களுக்கும் ஒரு வண்டி கட்டச் சொல்லட்டுமா?"

ராஜா பண்டிதரைத் திரும்பிப் பார்த்தார்.

"சோறு இல்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று முனகினார் பண்டிதர்.

"மூக்கைப் பொத்திக்கொண்டு தெருமுனையிலேயே நின்றீரே, எப்படி ஐயா சொல்வார்கள்?" என்றார் நயினப்பர்.

பசித்த வயிறு ராஜாவுக்குப் புத்தியைக் கொடுத்தது. "உத்தரவை ரத்து செய்தேன். களஞ்சியத்தைத் திறந்து உமிமேட்டுக்கு அரிசி கொடுங்கள்!"

"இன்றைக்குக் கொடுங்கள், குழந்தைகள் பிழைக்கும். அடுத்த மழைக்கு? மறுபடி கஷாயம், மறுபடி நான் ஓடவேண்டும். எனக்கு வயதாகிறது மன்னா! குத்தகையை ஒழித்து, நெல் குத்தும் வேலையை அந்தப் பெண்களிடமே நேராகக் கொடுங்கள். கூலி அவரவர் மடியில் விழட்டும், புருஷன் கைக்குப் போகவேண்டாம்."

ராஜா சம்மதித்தார். பண்டிதருக்கும் ஒரு வேலை கொடுத்தார். தினமும் காலையில் உமிமேட்டுக்கு நடந்துபோய், எந்த வீட்டில் உலை கொதிக்கவில்லை என்று பார்த்து வந்து சபையில் சொல்லவேண்டும். மூக்கைப் பொத்தக் கூடாது.

அடுத்த மழைக்காலம் வந்தது. உமிமேட்டில் கூரைகள் புதிதாக வேயப்பட்டிருந்தன. எல்லா வீட்டிலும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தார்கள். காய்ச்சல் கண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஒருநாள் சடைச்சி பத்துப் பெண்களோடு சபைக்குள் வந்து நின்றாள். கூலியை உயர்த்த வேண்டுமாம், மழையில் நனையாமல் குத்துவதற்குக் கொட்டகை வேண்டுமாம். ஆளுக்கொரு பேச்சாகச் சபையே அதிர்ந்தது.

ராஜா காதைப் பொத்திக்கொண்டார். "நயினப்பரே, இதெல்லாம் உம்மால் வந்தது! காய்ச்சலில் கிடந்தபோது இவர்கள் எவ்வளவு அமைதியாக இருந்தார்கள்!"

"ஆமாம் மன்னா. சாகக் கிடக்கிறவர்கள் அமைதியாகத்தான் இருப்பார்கள்" என்றார் நயினப்பர்.

ராஜா மெல்லக் காதிலிருந்து கையை எடுத்தார். "கொட்டகையை எங்கே போட வேண்டும்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் அம்மா" என்றார்.