கழன்ற பிடி

வேதமணி பஸ் டிப்போவில் ஓய்வு பெற்ற பிறகுதான் கத்தி செய்யக் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்த செண்பகவல்லிக்கு அவருடைய மூத்த மகளின் வயதுதான் இருக்கும். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். அவர் அவளை ஆசான் என்றார். முதலில் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

மலையடிவாரத்தில் இருந்தது அவளுடைய பட்டறை. காட்டுக்குள் போய் வருகிறவர்களுக்குத்தான் அவள் கத்தி செய்வாள். கடையில் தொங்கவிட்டு விற்பதில்லை. கத்தி வேண்டும் என்றால் ஆள் நேரில் வர வேண்டும். வந்தவர் கையில் ஈரக் களிமண்ணை உருட்டிக் கொடுத்து, "கத்தின்னு நினைச்சுப் பிடிங்க" என்பாள். விரல் பதிந்த அந்த மண்ணைப் பார்த்துத்தான் பிடிக்கு மரம் செதுக்குவது.

முழுப் பொறுப்பையும் வேதமணியிடம் விட்டு அவள் செய்யச் சொன்ன முதல் கத்தி மல்லனுடையது. மல்லன் வேட்டைத் தடுப்புக் காவலர். கள்ளத்தனமாக வேட்டையாடுகிறவர்கள் காட்டில் வைத்த சுருக்குகளைத் தேடி அறுத்தெறிவது அவர் வேலை. வேதமணி லாரியின் பழைய வில்பட்டையைக் காய்ச்சி அடித்தார், எண்ணெயில் தோய்த்தார், சாணை பிடித்தார், இரண்டு பக்கமும் ஈட்டி மரத் துண்டைப் பசை வைத்து ஒட்டி ஆணி அடித்துப் பிடி போட்டார். மல்லன் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனபோது, பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் மாதிரி வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலையில் மல்லன் திரும்ப வந்தார். கூடவே அவர் மனைவி மாரிக்கனி. மல்லனின் வலது கையில் பெரிய கட்டு. மாரிக்கனியின் கையில் ஒரு தேன் பாட்டில்.

"அண்ணாச்சி, நான் உசுரோட நிக்கேன்னா உங்களாலதான்" என்றார் மல்லன்.

நடந்ததைச் சொன்னார். ரோந்து முடிந்து அவரும் கூட வந்த காவலர்களும் ஓடையைக் கடந்திருக்கிறார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக. மல்லன் நடுவில் இருக்கும்போது மேலே எங்கோ பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிட்டது. அடித்து வந்த மரம் ஒன்று கயிற்றில் சிக்கி அவரைத் தண்ணீருக்குள் இழுத்தது.

"முடிச்ச அவிழ்க்க முடியல. மூச்சு முட்டுது. கத்திய உருவுனேன். கயித்துல வச்சு இழுத்தேன். அறுந்துச்சு. வெள்ளம் என்னைக் கீழ ஒரு பாறையில கொண்டு ஒதுக்கிருச்சு."

துண்டில் சுற்றியிருந்த கத்தியைப் பிரித்து எடுத்து அவர் நீட்டினார்.

பிடியில் ஒரு பக்கம் மரமே இல்லை. பித்தளை ஆணிகள் மட்டும் வெறும் இரும்பில் துருத்திக்கொண்டு நின்றன.

"இது எப்ப கழன்டுச்சு?" என்று கேட்டார் வேதமணி.

"முதல் இழுப்புல."

"கையில இருக்கும்போதா?"

"ஆமா."

வேதமணி மல்லனின் கைக்கட்டைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். கையைக் கிழித்தது எது என்று புரிந்தது.

அதற்குள் மாரிக்கனி தேன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவர் காலைத் தொடக் குனிந்துவிட்டாள். வேதமணி தீயை மிதித்தவர் போலப் பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாம்மா. கும்பிடாத. அந்தத் தேனும் வேண்டாம். எடுத்துட்டுப் போ."

சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மாரிக்கனி நிமிர்ந்தாள். புருஷனைப் பார்த்தாள். எதில் தப்பு செய்துவிட்டோம் என்று தெரியாமல் பாட்டிலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

செண்பகவல்லி உலைக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். கத்தியை வாங்கினாள். மரம் கழன்ற இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள்.

"கண்ணாடி மாதிரி இருக்கே அண்ணாச்சி."

"பாலிஷ் போட்டேன் ஆசான்."

"மரத்துக்கு அடியிலயுமா?"

"யாரும் பார்க்காத இடம்தானேன்னு விடக்கூடாதுன்னு நினைச்சேன். மூணு நாள் போட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. "பசை பிடிக்கணும்னா சொரசொரப்பு வேணும். வழவழன்னு இருந்தா எதைப் பிடிச்சுக்கும்?"

வேதமணி பட்டறையின் பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரம் கழித்துச் செண்பகவல்லி அங்கே வந்தாள்.

"அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"ஆசான், அந்தாளு கையக் கிழிச்சது நான். அவரு என்னைத் திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். கும்பிட வர்றாங்க. இந்த நன்றிய நான் எப்படி வாங்குறது?"

அவள் திரும்பி உள்ளே போனாள். வேறு வழியில்லாமல் அவரும் பின்னால் போனார்.

மல்லனின் எதிரில் போய் நின்றார். கை தானாகக் கட்டிக்கொண்டது.

"மல்லா, பிடி கழன்டது என் தப்பு. போடத் தெரியாமப் போட்டுட்டேன். உன் கையில பட்ட காயம் என்னாலதான்."

"தெரியும் அண்ணாச்சி. கழன்டது என் கையிலதானே?" மல்லன் சிரித்தார். "ஆனா அறுத்துச்சுல்லா? தண்ணிக்குள்ள எனக்கு அதுதான் தெரிஞ்சது."

"கை பழையபடி வருமா?"

"ரெண்டு விரல் முழுசா மடங்காதாம். டாக்டர் சொன்னாரு."

மாரிக்கனி மெதுவாகச் சொன்னாள்:

"விரல் மடங்காட்டி நான் சோறு பிசைஞ்சு குடுப்பேன் அண்ணாச்சி. ஆளு வீட்டுக்கு வந்துட்டாருல்லா. அன்னைக்கு அவர் வராம இருந்திருந்தா நான் யார்கிட்டப் போய் நிப்பேன்? அதான் வந்தோம்."

அணைத்திருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செண்பகவல்லி களிமண்ணை உருட்டி எடுத்து வந்தாள். மல்லனின் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மண்ணில் பதமாகச் சுற்றி வைத்தாள்.

"வலிக்காத அளவுக்குப் பிடிங்க. புண்ணு ஆறுனதும் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கலாம்."

மல்லன் பிடித்தார். மூன்று விரல்கள் பதிந்தன. இரண்டு விரல்கள் மண்ணைத் தொடாமல் வெளியே நின்றன. வேதமணி குனிந்து அந்த அச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தக் கைக்கு இனி வேறு மாதிரி பிடி. பின்பக்கம் கொஞ்சம் பருமனாக, உள்ளங்கையில் தானாக உட்காருகிற மாதிரி. அவருக்கே தெரியாமல் அவர் விரல் காற்றில் அதை வரைந்தது.

செண்பகவல்லி மாரிக்கனியிடம் கையை நீட்டினாள். தேன் பாட்டில் அவள் கைக்கு வந்தது. மூடியைத் திருகித் திறந்தாள். வேதமணியின் கரி படிந்த உள்ளங்கையைப் பிடித்து விரித்து, அதில் தேனை ஊற்றினாள்.

"ஆசான்..."

"அவங்க மனசு நிறைஞ்சு கொண்டு வந்திருக்காங்க. நீங்க வேண்டாம்னா, அதை எங்க கொண்டு போய் இறக்கி வைப்பாங்க?"

தேன் விரலிடுக்கில் வழியத் தொடங்கியது. வேதமணி அவசரமாகக் கையை வாய்க்குக் கொண்டு போனார். மாரிக்கனியின் முகம் அப்போதுதான் தெளிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா." அவர் விரலிடுக்கில் வழிந்ததையும் நக்கினார். "ரொம்ப நல்லா இருக்கு."

சாப்பிட்ட பிறகும் அவர் அந்தக் கையை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

செண்பகவல்லி ஒரு வாளித் தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள்.

"கையை நல்லாக் கழுவிட்டு அரத்தை எடுங்க அண்ணாச்சி. தேன் கையோட தொட்டா பசை பிடிக்காது."