தையல்நாயகி அம்மாவுக்கு வந்த மூன்று கிலோ சர்க்கரை

கரண்டி பல்லில் இடித்தது. இரண்டாவது கரண்டி சர்க்கரைத் தண்ணீரில் பாதி தங்கையின் கழுத்தில் வழிந்துவிட்டது. மீதியை விழுங்கினாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால், யாரோ பென்சிலை எடுத்துவிட்டதாகக் குழறினாள். எட்டு வயது சுபிக்ஷாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வீட்டில் ஒரு ஸ்டிரிப்கூட இல்லை. அந்த நேரத்தில் எங்கள் அம்மா, நாலு தெரு தள்ளி, கோயில் வாசலில் ஊரார் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் பெயர் தையல்நாயகி. துணைவந்தநாதர் கோயிலின் கிழக்கு வாசலில், செருப்பு பாதுகாக்கும் தகரக் கொட்டகையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறார். அப்பா இறந்த மறுமாதமே, தங்கையை வயிற்றில் சுமந்தபடி அங்கே போய் உட்கார்ந்தவர். குளித்து, நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டுதான் கொட்டகைப் பூட்டைத் திறப்பார். யார் செருப்பையும் காலால் ஒதுக்கமாட்டார். குனிந்து இரண்டு கையாலும் எடுப்பார். சேறு ஒட்டியிருந்தால் துடைத்து வைப்பார்.

“சாமியப் பாத்துட்டு வர்ற காலு இதுலதான வந்து நிக்கப்போவுது” என்பார்.

செருப்பைத் தொட்ட கையோடு உள்ளே போவதற்கு அவருக்கு மனம் வராது. கொட்டகையிலிருந்து பார்த்தால் கொடிமரத்தின் உச்சி மட்டும் தெரியும். ஒன்பது வருடமாக அவர் கண்ட சாமி அந்த உச்சிதான். எதிரே பூக்கடை வைத்திருக்கும் சிங்காரவேலு தினமும் வம்புக்கு இழுப்பார். “தையலு, உன் சாமி என்னைக்காவது வெளிய வந்து செருப்பு விட்டுட்டுப் போனா எனக்கும் ஒரு குரல் குடு. டோக்கன் நம்பர் எழுதி வச்சுக்கிறேன்” என்பார். அம்மா சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

தங்கைக்கு நோய் தெரிந்தது அவளுடைய ஆறு வயதில். தண்ணீர் தண்ணீர் என்று குடித்து, இளைத்து, வகுப்பில் மயங்கி விழுந்தாள். பெரியாஸ்பத்திரியில், இனி வாழ்நாள் முழுக்க இன்சுலின் ஊசி போடவேண்டும் என்றார்கள். மருந்தை அங்கேயே இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் எவ்வளவு போடுவது என்று தெரிய, ஒரு நாளைக்கு நாலு தடவை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். அந்த ரத்தச் சொட்டை வைத்துப் பார்க்கும் ஸ்டிரிப்பை நாங்கள்தான் வாங்கவேண்டும். குழந்தைக்கும் சர்க்கரை வருமா என்று கேட்டார் அத்தை. வயிற்றில் இருக்கும்போது அம்மா இனிப்பாகத் தின்று தீர்த்திருப்பார் என்று அவரே பதிலும் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து சர்க்கரை டப்பாவைத் தெருக் குழாயில் கழுவிக் கவிழ்த்தார். திடீரென்று இறங்கினால் கொடுக்கக் கொஞ்சம் சர்க்கரை எப்போதும் கையில் இருக்கட்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். எங்களுக்கு ஏறுவதைப் பற்றித்தான் பயம். இறங்குவதைப் பற்றி இல்லை. அதன்பிறகு ஒரு சிட்டிகைகூட வீட்டுக்குள் வரவில்லை.

நாலு தடவை குத்தியது இரண்டாயிற்று, பிறகு ஒன்றாயிற்று. அம்மா டீ குடிப்பதை விட்டார், பஸ் ஏறுவதை விட்டார். அந்த நர்ஸ்தான், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள், இப்படிப்பட்ட குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு ஏதாவது உதவி கிடைக்கலாம் என்றார்.

அம்மாவுக்கு எழுத வராது. மனுவை நான் எழுதினேன். “நம்ம புள்ள சர்க்கரைக்கு உதவி பண்ணணும்னு எழுது ரூபி” என்றார். எங்கள் வீட்டில் அந்த நோய்க்கு அதுதான் பெயர். ‘பொருள்: சர்க்கரைக்கு உதவி வேண்டுதல் தொடர்பாக’ என்று மேலே எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன். கீழே தங்கையின் நோயைப் பற்றி ஒரு பக்கம். பின்னால் ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கார்டு நகல். அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாலு மணி நேரம் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்று வாரத்தில், மனு ஏற்கப்பட்டதாக போனில் செய்தி வந்தது. நான் ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன். அம்மா அந்தச் செருப்புகளுக்கு நடுவிலேயே கொடிமரத்தைப் பார்த்து விழுந்து கும்பிட்டார்.

என்ன ஏற்றார்கள் என்பது ரேஷன் கடையில்தான் தெரிந்தது. எங்களுடையது அரிசி கார்டு. மாதம் தவறாமல் வந்த அந்த இலவச அரிசியில்தான் மூன்று வயிறு ஓடியது. கடைக்காரர் மெஷினைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது சர்க்கரை கார்டா மாறியிருக்கு. நீங்கதான எழுதிக் குடுத்திருக்கீங்க? இனிமே அரிசி கிடையாது, சர்க்கரைதான் மூணு கிலோ கூட வரும்” என்றார். வரிசையில் ஒருவர், அரிசியே வேண்டாம் என்கிற அளவுக்குச் செருப்புக் கொட்டகையில் வருமானம் போலிருக்கிறது என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் எழுதிய ஒரு பக்கத்தை ஒருவரும் படிக்கவில்லை. சீட்டைப் புரட்டவில்லை. மேலே ஒரு வரி, பின்னால் ஒரு கார்டு நகல், அவ்வளவுதான் அவர்கள் கண்ணில் பட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் யாராக இருந்தாலும், அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும்தானே. தாலுகா ஆபீஸுக்கு மூன்று முறை அலைந்தோம். திரும்ப அரிசி கார்டாக மாற்ற, அரசு அறிவிப்பு வரும்போது வாருங்கள் என்றார்கள். மூன்றாவது முறை அந்த மனிதர் தலையைக்கூடத் தூக்காமல், “நீங்க கேட்டதைத்தானம்மா குடுத்திருக்கோம்” என்றார். அவர் மேசையை நான் கவிழ்த்திருக்க வேண்டும். அம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

அதைவிடக் கோபம், ஸ்டிரிப்புக்காக முடிந்து வைத்திருந்த எழுபத்தைந்து ரூபாயைக் கொடுத்து அம்மா அந்தச் சர்க்கரையை வாங்கி வந்தது. டீக்கடைக்காரர் கூடுதல் விலைக்குக் கேட்டார். அம்மா தரவில்லை.

“நம்ம புள்ள பேரைச் சொல்லி வந்தது. சாமி எதுக்குக் குடுத்துதுன்னு தெரியாம எப்படிடி விப்பேன்?”

“சாமி குடுக்கலம்மா. படிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் படிக்காம குடுத்தான்” என்று கத்தினேன். அவர் பையின் வாயைக் கட்டி, சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை, கடன் வாங்கிய அரிசியும் தீர்ந்திருந்தது. காலை ஏழு மணிக்கு நான்தான் தங்கைக்கு எப்போதும் போடும் அளவு ஊசியைப் போட்டேன். ஸ்டிரிப் இல்லாததால் குத்திப் பார்க்கவில்லை. அவளுக்குக் கொடுக்க அரை டம்ளர் நொய்க்கஞ்சிதான் இருந்தது. கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஊசியைக் குறைக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன். பத்து மணிக்கு அவள் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு சாய்ந்தாள். வீட்டில் தேட வேறு எதுவும் இல்லை. பையின் முடிச்சை அவிழ்க்க வரவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தேன்.

ஐந்தாவது கரண்டியில் நாக்கை நீட்டி உதட்டை நக்கினாள். கண்ணைத் திறந்து, “தித்திக்குதுக்கா” என்றாள். இரண்டு வருடமாயிற்று அவள் அந்த ருசியைப் பார்த்து.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் பிள்ளை மிஞ்சியிருக்கமாட்டாள், சர்க்கரை வீட்டில் இருந்ததால் பிழைத்தாள் என்றார் அதே நர்ஸ். அதற்குள் அம்மா வந்துவிட்டார். ஊருக்கெல்லாம் செருப்பைப் பத்திரமாக எடுத்துக் கொடுப்பவர், தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடி வந்திருந்தார். எந்தச் சர்க்கரை என்று கேட்டார். சொன்னேன். அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து, “நான் கேட்டதைத்தான் குடுத்திருக்காரு” என்றார்.

தாலுகா ஆபீஸில் கேட்ட அதே வார்த்தை. இவர் வாயில் அது வேறாக இருந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த இரண்டு நாளும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டது சிங்காரவேலு. குனிந்து இரண்டு கையாலும்தான் எடுத்தாராம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு முழம் பூவைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, வம்புக்கு இழுக்காமல் தன் கடைக்குப் போனார். செருப்பைத் துடைத்தே சாமியைத் தொட்டுவிட்ட அம்மாவின் அன்பு பெரிது.

ஆனால் அவரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. ஆபீஸில் எழுத்தை மாற்றிவிட்டார்கள் என்றுதான் அம்மா இன்றைக்கும் நம்புகிறார். மேலே இருந்த ‘சர்க்கரைக்கு உதவி’ என்ற வரி என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. நாளை மறுபடி திங்கட்கிழமை. புது மனுவில் ‘பொருள்’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் தங்கையின் மூச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அரிசியைப் பறித்து இவளைச் சாய்த்தது அந்த ஒரு வரி. சர்க்கரையைக் கொண்டுவந்து எழுப்பியதும் அதே வரி. அப்படியானால் அம்மா தினமும் கை குவித்துக் கும்பிடுவது யாரை?