வலிக்கு வெற்றிலை பாக்கு

ஒரு ஊரில் ஒரு உடம்பு இருந்தது. அந்த உடம்பில் வலி ஒன்றும் சிரிப்பு ஒன்றும் குடியிருந்தன.

உடம்பின் சொந்தக்காரி பெயர் சண்முகவடிவு. சொந்தக்காரி என்று பேர்தானே தவிர, அங்கே அவள் பேச்சு எடுபடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வலி விரல் கணுவில் ஓரமாக வந்து ஒண்டியது. பிறகு மணிக்கட்டு, முழங்கால், குதிகால் என்று அறை அறையாகப் பிடித்துக்கொண்டு, இப்போது முழு வீட்டையும் தன் பேருக்கு எழுதி வாங்கின மாதிரி நடந்துகொண்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் அதற்கு முடக்குவாதம் என்று பேர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இது போகாதும்மா, அனுசரிச்சுத்தான் இருக்கணும்" என்றும் சொல்லிவிட்டார்.

வலிக்கு நேரங்காலம் உண்டு. வடிவு கண் விழிப்பதற்கு முன்பே எழுந்து கணுக்கணுவாகப் பூட்டுப் போட்டுவிடும். பல் துலக்க பிரஷைப் பிடிக்க முடியாது. ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியாது. மத்தியானம் ஆனதும் கொஞ்சம் இளகி, விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை மாதிரி ஒரு தூக்கம் போடும். சாயங்காலம் மறுபடி எழுந்து வரும்.

சிரிப்பு குடியிருந்தது வாசல் பக்கம், முகத்தில். வடிவுக்கு டவுனில் ஒரு வளையல் கடையில் வேலை. கல்யாணப் பெண்களின் கையை அமுக்கி, கணுவை மடக்கி, கண்ணாடி வளையல் உடையாமல் ஏற்றிவிட வேண்டும். அவர்கள் கணுவை இவள் அமுக்கும்போதெல்லாம் இவள் கணுவில் வலி குத்தும். அந்த நேரம் பார்த்துச் சிரிப்பு முன்னால் வந்து நின்றுகொள்ளும். "கையைத் தளர விடும்மா, வலிக்கவே வலிக்காது" என்று வடிவு சொல்லுவாள். வந்தவர்களுக்குச் சிரிப்பு மட்டும்தான் தெரியும்.

ஒரே உடம்பில் இருந்தாலும் வலிக்கும் சிரிப்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பங்காளிகள் அப்படித்தான் இருப்பார்கள்.

கடைக்குப் போக டவுன் பஸ்ஸில் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. இறங்கும்போது கால் தரையில் பாவாது. இப்படியே போனால் தைப்பொங்கலோடு வேலையை விட வேண்டியதுதான் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஒன்று கையில் இருந்தால், பஸ்ஸில் அதற்கென்று ஒதுக்கிய சீட்டில் உட்கார்ந்து போகலாம். மாத உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். வேலையும் தங்கும், மாத்திரையும் தடைப்படாது. அந்த அட்டை கொடுக்க மருத்துவ முகாம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு வடிவு கிளம்பினாள்.

கிளம்பியதுதான் தப்பு என்று சொல்ல மாட்டேன். கிளம்பிய விதம்தான் தப்பு. அரசாங்க ஆபீசுக்குப் போவதென்றால் நம்மவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. வெந்நீரில் தலைக்குக் குளித்தாள். மயில்கழுத்துக் கலரில் நல்ல சேலை எடுத்துக் கட்டினாள். மகளை விட்டுத் தலை பின்னச் சொல்லிப் பூ வைத்துக்கொண்டாள். முகாமில் அவள் முறை வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வலி நல்ல தூக்கத்தில் இருந்தது.

"எப்படி இருக்கீங்க?" என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

வடிவு வாயைத் திறப்பதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. "நல்லா இருக்கேன் சார். நீங்க சாப்பிட்டீகளா?"

"கையை மடக்குங்க. ம். நீட்டுங்க. ம்." டாக்டர் எழுதிவிட்டார். முப்பது சதவீதம். நாற்பதுக்குக் கீழே இருந்தால் அட்டை கிடையாது. வேண்டுமென்றால் அடுத்த முகாமுக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து விஷயம் தெரிந்ததும் வலி குதித்த குதி இருக்கிறதே, அதை வடிவின் முழங்காலிடம்தான் கேட்க வேண்டும்.

"எனக்கு முப்பதா? இத்தனை வருஷமா ஒருநாள் லீவு போட்டிருப்பேனா? தீபாவளி பொங்கல்னு பாத்திருப்பேனா? எனக்கு முப்பதா?"

"தூங்கினவுகளுக்கு அதுவே ஜாஸ்தி" என்றது சிரிப்பு.

"நீ பேசாத. நல்லா இருக்கேன்னு சொன்னது யாரு? டாக்டர்கிட்டப் போய் குசலம் விசாரிக்கியே, சம்பந்தம் பேசவா போனோம்?"

வடிவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. நோய் இருப்பது கஷ்டம்தான். இருக்கிற நோயை இல்லை என்று ஒருத்தர் எழுதிக் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் இருந்த பேச்சியம்மாள் வந்தாள். வடிவின் புருஷனுக்கு அக்கா. வடிவு ஒரு குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையை உதறினால்கூட "ஆரம்பிச்சிட்டா நடிப்பை" என்று சொல்லுகிறவள் இந்தப் பேச்சிதான். அவள் இப்போது சொன்னாள்: "நீ ஏம்ட்டி பூ வச்சுக்கிட்டுப் போனே? அடுத்த தடவை தலையை விரிச்சுப் போட்டுக்கோ. பழைய சேலை கட்டு. நல்லா நொண்டிக்கிட்டே உள்ள போ. கொஞ்சம் நடிக்கணும்ட்டி."

வடிவு கண்ணாடி முன் நின்று நொண்டிப் பழகினாள். வலி உள்ளே இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கால் இல்ல. நான் இருக்கிறது வலதுல."

வடிவு காலை மாற்றினாள்.

"இப்படியா நான் இருப்பேன்? என் மானத்தை வாங்காத. பாக்கிறவுக சுளுக்குன்னு நினைப்பாக."

வடிவு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு நடிப்பு வரலை. நீயே வந்துரு" என்றாள்.

அவ்வளவுதான், வலிக்குப் பிகு வந்துவிட்டது. தினமும் கூப்பிடாமல் வந்து பந்தியில் முதல் ஆளாக உட்காருகிற ஆள், கூப்பிட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "இப்படி நின்ன நிலையில கூப்பிட்டா வர்றதுக்கு நான் என்ன வழிப்போக்கனா? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

வடிவுக்கு வேறு வழியில்லை. ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு வாழைப்பழம் வைத்தாள். தாம்பாளத்தைத் தூக்கவே விரல் ஒத்துழைக்கவில்லை. கட்டிலிலேயே வைத்து முழங்கால் பக்கமாக நகர்த்தினாள். எத்தனை கோயிலில் இதைப் போகச் சொல்லி வேண்டிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அதையே வா வா என்று அழைக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது அவமானமாகத்தான் இருந்தது.

"முகாமுக்கு நீங்க அவசியம் வரணும்" என்றாள். "அன்னைக்கு ஒருநாள் மட்டும் மத்தியானம் தூங்கக் கூடாது."

"அதைப் பத்திக் கவலை இல்ல. முகாம் எங்க நடக்குது?"

"இந்தத் தடவை மாடியில."

வலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்காத குறை. "நடக்க முடியாதவுகளுக்கு முகாமை மாடியில வச்சிருக்காகளா? அப்ப எனக்கு அழைப்பு அவுகளே வச்சிட்டாகளே. வாரேன். ஆனா ஒரு கண்டிஷன். அந்தச் சிரிப்பு வாரதா இருந்தா நான் வர மாட்டேன்."

கல்யாண வீடுகளில் இப்படி ஒரு ஆள் இல்லாமல் இருப்பதில்லை. வடிவு சரி என்றாள். சிரிப்பிடம் வீட்டிலேயே இருக்கச் சொன்னாள். சிரிப்பு தலையை ஆட்டிவிட்டு, உதட்டோரத்தில் ஒளிந்துகொண்டு கூடவே கிளம்பிவிட்டது.

அடுத்த முகாமுக்குப் பேச்சியும் துணைக்கு வந்தாள். வடிவு இந்த முறையும் குளித்துப் பூ வைத்துத்தான் போனாள். அதில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. வலி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. முதல் படியில் குதிகாலில் ஏறியது, பாதிப் படியில் முழங்காலுக்கு வந்தது, மாடிக்குப் போய்ச் சேரும்போது மேளதாளம் இல்லாத குறைதான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்த விரல்களைப் பிரித்து எடுக்க வடிவு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வரிசையில் உட்கார்ந்திருந்தபோதும் அது தூங்கவில்லை.

அதே டாக்டர். அதே மாதிரி குனிந்த தலை.

"எப்படி இருக்கீங்க?"

சிரிப்பு ஒளிந்திருந்த இடத்தை விட்டுத் துள்ளி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பின்னால் வலி கதவை இடித்தது.

"தள்ளிக்கோ" என்றாள் வடிவு உள்ளுக்குள்.

"மாட்டேன்" என்றது சிரிப்பு. "பக்கத்துல பேச்சி உக்காந்திருக்கா. நான் போயிட்டா அவ பாத்திருவா. நீ இப்படி இருக்கேன்னு ஊரெல்லாம் தெரிஞ்சிரும். உன் மகளுக்கு முழுசாத் தெரிஞ்சா அந்தப் பிள்ளை தாங்குமா? நான் இத்தனை வருஷமா யாருக்காக இங்க நிக்கேன்?"

வடிவுக்கு அதன்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. பெற்ற தாயும் இப்படிக் காவல் காத்திருக்க மாட்டாள்.

"எனக்காகத்தான் நின்னே. எனக்குத் தெரியும். இப்பவும் எனக்காகத்தான் சொல்லுதேன், கொஞ்சம் அந்தப் பக்கம் போ. பாக்கிறவுக பாக்கட்டும்."

சிரிப்பு அவளையே பார்த்தது. பிறகு மெல்ல இறங்கிப் போய்க் கதவோரம் நின்றுகொண்டது.

பதில் வர வேண்டிய இடத்தில் பதில் வராததால் டாக்டர் தலை நிமிர்ந்தார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார்.

வடிவு சொன்னாள். காலையில் விரல் பிரியாததைச் சொன்னாள். தண்ணி பாட்டில் மூடியைப் பல்லால் திறப்பதைச் சொன்னாள். "மகதான் சார் ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடுதா. பள்ளிக்கூடம் போற பிள்ளை. அவ எந்திரிக்கிற வரைக்கும் சேலையைப் போத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். மத்தியானம் நீங்க கேட்டா மடக்கிக் காட்டிருவேன் சார். நான் வாழ்றது காலையிலயும்தானே?"

டாக்டர் இரண்டு கையையும் வாங்கி, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். அவள் கொண்டுவந்திருந்த பழைய எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலி ஒவ்வொரு அழுத்தலுக்கும் எழுந்து நின்று ஆஜர் சொன்னது. வடிவு அதை மறைக்கவில்லை.

பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையேட்டி எங்கிட்ட."

"சொன்னேன் மதினி. நீங்க என் முகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீக, காதுல விழலை" என்றாள் வடிவு. பேச்சி வடிவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

டாக்டர் ஐம்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அஞ்சு சேத்துப் போட்டிருக்கலாம்" என்று வலி முனகியது. இருந்தாலும் அதற்கு உள்ளூர சந்தோஷம்தான். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அடுத்த மேஜையில் அட்டைக்குப் போட்டோ எடுத்தார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னக்கா இப்படி இருக்கீங்க? காலத்துக்கும் இருக்கப் போற போட்டோ. கொஞ்சம் சிரிங்க."

வடிவு கதவோரம் பார்த்தாள். சிரிப்பு அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தது. இப்போது அதற்கும் பிகு. போகச் சொன்னவர்கள் வரச் சொல்லட்டும் என்று இருந்தது. இன்னொரு தாம்பாளத்துக்கு வடிவு எங்கே போவாள்?

நல்லவேளை, வலியே வாயைத் திறந்தது. அன்றைக்கு அது பெரிய மனுஷத் தோரணையில் இருந்தது. "வா, வா. வீம்பு பண்ணாத. எனக்கு வேண்டியது ஆயிட்டு. நான் நகந்துக்கிடுதேன், நீ இப்படி ஓரமா உக்காரு."

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவை இரண்டும் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான் நல்லபடியாக. சிரிப்பு வந்தது. வலி நகர்ந்து இடம் விட்டது, ஆனால் எழுந்து போகவில்லை. இரண்டும் சேர்ந்து இருக்கும்போதே அந்தப் பெண் போட்டோ எடுத்துவிட்டாள்.

அட்டை கைக்கு வந்த மறுநாள் வடிவு வேலைக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஒதுக்கிய சீட்டில் சட்டைப் பையில் செல்போன் வைத்திருந்த ஒருவர் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, இது எங்க சீட்டு" என்று வடிவு அட்டையைக் காட்டினாள்.

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"போட்டோவுல சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க. நேர்லயும் நல்லாத்தான் இருக்கீங்க. பார்த்தா ஒண்ணும் தெரியலையேம்மா?"

வலியும் சிரிப்பும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல எழுந்தன. வடிவு இரண்டையும் உட்காரச் சொல்லிவிட்டு, தானே சொன்னாள்.

"பாத்தாத் தெரிஞ்சா அட்டை எதுக்கு அண்ணாச்சி?"