குரலுக்குக் கால் இல்லை

இரண்டு காடுகள். நடுவே ஓடிய ஆறு அந்தக் கோடையில் வற்றி, ஒரே ஒரு மடு மிஞ்சியது. காலையில் இக்கரை மான்கள் குடிக்கும். மாலையில் அக்கரை நரிகள். ஒருவர் முறையில் மற்றவர் மடுவில் கால் வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். மடுவில் வாழ்ந்த நீர்நாய் இரு கரைக்கும் பொது நடுவர்.

ஒருநாள் காலை செவலை என்ற பெண்மான் தன் குட்டியோடு மடுவில் இறங்கியது. குட்டி வாய் வைப்பதற்குள் அக்கரையில் புலி உறுமியது. மான்கள் தலைதெறிக்க ஓடின. மறுநாளும் அதே கதைதான். குட்டி நாக்கு வறண்டு துவண்டு போனது.

அடுத்த முறை செவலை ஓடவில்லை. காற்றில் புலி வாடையே இல்லையே! அண்ணாந்து பார்த்தது. அக்கரைக் கிளையில் கரிச்சான் குருவி உறுமிக்கொண்டிருந்தது. யார் குரலையும் அச்சு அசலாக எடுக்கும் பறவை அது. கீழே கூளன் நரி சொகுசாகப் படுத்திருந்தது. மான் குடிக்காத தண்ணீர் நரிக்குத்தானே மிச்சம்! உண்மை தெரிந்து என்ன பயன்? மிரண்ட குட்டி மடுப் பக்கமே வர மறுத்தது.

செவலை நீர்நாயிடம் முறையிட்டது.

“நான் கால் வைத்தேனா?” என்றது கூளன். “வந்தது குரல். குரலுக்கு ஏது கால், ஏது கரை? ஒப்பந்தத்தில் குரலைப் பற்றிப் பேச்சே இல்லை, அம்மணி.”

“ஒப்பந்தத்தில் அப்படி ஒன்றும் இல்லைதான்,” என்றது நீர்நாய்.

“அப்படியானால் குரலுக்குச் சட்டமே இல்லையா?” என்றது செவலை.

“இல்லவே இல்லை,” என்றது கூளன்.

செவலை நேரே கரிச்சானிடம் போனது. “எனக்காகவும் கத்துவாயா?”

“யார் கேட்டாலும் கத்துவேன். எனக்கென்ன?”

மாலையில் நரிக்குட்டிகள் தாகத்தோடு மடுவில் இறங்கின. இக்கரைக் கிளையில் கரிச்சான் தொண்டையைச் செருமியது. கூளன் நீர்நாயிடம் ஓடியது.

“நடுவரே, தடுங்கள்! என் குட்டிகள் இன்னும் குடிக்கவில்லை!”

“எந்தச் சட்டப்படி தடுக்கட்டும்?” என்றது நீர்நாய்.

கூளன் தலையைத் தொங்கப்போட்டது. “அந்தப் பழைய ஒப்பந்தப்படிதான். அது குரலுக்கும் பொருந்தும்.”

இக்கரையில் நின்ற செவலை கரிச்சானைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தது. கரிச்சான் வாயை மூடிக்கொண்டது. நரிக்குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன.

மறுநாள் காலை அக்கரை அமைதியாக இருந்தது. செவலையின் குட்டி தயங்கித் தயங்கி வந்து, மடுவில் வாய் வைத்தது.

கெடுக்கும் வழி புதிதானாலும் கேடு பழையதுதான். அதனால் பழைய நியாயம் அதையும் கட்டுப்படுத்தும்.